கீழாநெல்லியின் காப்பும் அதன் எல்லையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வயல் வரப்பிலே தானாக முளைக்கும் கீழாநெல்லியை நாம் யாவரும் அறிவோம். காமாலை கண்டவருக்கு அதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் கிராமங்களில் வழிவழியாக வந்த வழக்கம். இவ்வழக்கத்தில் உண்மை உண்டா என விஞ்ஞானிகளும் ஆராய்ந்துள்ளனர்.

கார்பன் டெட்ராகுளோரைடு என்பது ஒரு நச்சுத் திரவம். முன்னாளில் தானியக் கிடங்குகளில் பூச்சிகளைக் கொல்லவும் அது பயன்பட்டது. உடலுக்குள் சென்றால் கல்லீரல் அதனை உடைக்கிறது. உடைந்த கூறுகளோ கல்லீரல் உயிரணுக்களின் மெல்லிய உறையையே சிதைக்கின்றன. எலியின் கல்லீரல் உயிரணுக்களைத் தனியே வளர்த்து இந்நஞ்சை இட்டுச் செய்த சோதனை 1985-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கீழாநெல்லியில் உள்ள பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் இரு பொருள்கள் அவ்வுயிரணுக்களைக் காத்தன. ஆகவே, நம் முன்னோர் கண்டது வீண் நம்பிக்கையன்று.

ஆயினும், ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இத்தகைய சோதனைகளில் நஞ்சும் மருந்தும் அளந்து இடப்படுகின்றன. பெரும்பாலும் மருந்து நஞ்சுக்கு முன்னரோ, அதனுடனோ சேர்கிறது. நம் வீடுகளில் நேர்வது வேறு. எலிக்கென வாங்கிய மஞ்சள் பாஸ்பரஸ் பசையை ஒருவர் விழுங்கிவிட்டால், முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் காணும். பின்னர் அவை தணிந்து, ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். அந்நாட்களிலேதான் கல்லீரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். பின்னர்க் கண் மஞ்சளிக்கும்பொழுது கீழாநெல்லியை நாடி நாளைக் கடத்துவது உயிரையே பறிகொடுப்பதாகும். இந்நஞ்சுக்குத் தனி முறிமருந்து கிடையாது. காலந்தாழ்த்தாத சிகிச்சையே துணை.

எனவே, நாம் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, இப்பசை நம் ஊர்க் கடைகளில் விற்கப்படாதபடி பஞ்சாயத்து கண்காணிக்க வேண்டும். வயலில் எலியை அடக்கக் கிட்டி வைக்கலாம், வளை தோண்டலாம், ஆந்தை அமரக் கழி நடலாம். இரண்டாவது, எவரேனும் விழுங்கினால், சாணிக்கரைசல் முதலியவற்றைப் புகட்டாமல், உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். பசை இருந்த குழாயையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினும் இதில் தயக்கம் கூடாது. மூன்றாவது, காமாலை பல நோய்களின் அடையாளமாகலின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபின்பே மருந்து கொள்ள வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இம்மூன்றையும் எடுத்துரைப்போம். மூலிகையைப் போற்றுவோம், அதன் எல்லையையும் அறிவோம்.