ஊர்ப்பெருமையும் ஊரார் கடனும்



பொன்னி வளஞ்சுரக்கும் சோழ நாட்டில், காவிரி வடகரைத் தலங்களுள் ஒன்றாய், மண்ணியாற்றின் அருகே விளங்குவது திருப்பனந்தாள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னைக்குச் செல்லும் பெருவழியில் நாள்தோறும் எண்ணற்ற வண்டிகள் இவ்வூரைக் கடந்து செல்கின்றன. அவற்றில் அமர்ந்து செல்வோர் காண்பன ஒரு கடைத்தெருவும், விரிந்த நெல்வயலும், இடையிடையே நிமிர்ந்து நிற்கும் பனையுமே. இவ்வூரின் பெருமை யாது என்று வினவினால், செஞ்சடையப்பர் திருக்கோயில் என்பர் சிலர். காசித் திருமடம் என்பர் சிலர். செந்தமிழ் கற்பித்த கல்லூரி என்பர் சிலர். யாவும் மெய்யே. ஆயினும் இப்பெருமைகள் எத்தகையோரால் நிலைபெற்றன என்று குடமுழுக்கு நன்னாளில் சிந்தித்தல் சாலப் பொருந்தும்.

முதற்கண் ஊரின் பெயரை நோக்குக. பனை இங்குத் தலமரம். பனையின் தாளில் இறைவன் எழுந்தருளியமையால் ஊர் பனந்தாள் ஆயிற்று. பனை செல்வர் தோட்டத்துச் சிறப்பு மரம் அன்று. நீர் வார்ப்பார் இன்றி வளர்ந்து, நுங்கும், கூரைக்கு ஓலையும், உத்திரத்திற்கு வயிரமும் ஏழைக்குத் தருவது அது. தமிழ் மறைகள் பல நூற்றாண்டுகள் தங்கியிருந்ததும் பனையோலையிலேதான். எளிமையில் அருமை பொதிந்திருத்தலே இவ்வூரின் இயல்பு என்பதை அதன் பெயரே உணர்த்தி நிற்கின்றது.

திருக்கோயிலின் பெயர் தாடகையீச்சரம். தாடகை என்னும் பெண்ணொருத்தி நாள்தோறும் பூமாலை சாத்தி வழிபட்டாள் என்றும், ஒருநாள் மாலை சாத்தும்போது ஆடை நெகிழ, அதைக் காத்தற்பொருட்டு இரு கைகளையும் இடுக்கிக்கொண்டு மாலை சாத்த இயலாது வருந்தினாள் என்றும், இறைவன் தம் திருமுடியைச் சாய்த்து அம்மாலையை ஏற்றருளினார் என்றும் தலவரலாறு கூறும். பேரண்டம் முழுவதையும் தாங்குபவன் வணங்கியது படைக்கும் அன்று, பொருளுக்கும் அன்று. ஒரு பெண்ணின் நாணுக்கு!

சாய்ந்த திருமேனியை நிமிர்த்திக் காண விழைந்தான் சோழ மன்னன். யானைகளைப் பூட்டி இழுப்பித்தான், யானைகள் இளைத்தன, திருமேனி நிமிரவில்லை. அதனைக் கேள்வியுற்றுத் திருக்கடவூரிலிருந்து வந்தார் குங்கிலியக்கலய நாயனார். அவர் யார்? நாள்தோறும் இறைவனுக்குக் குங்கிலியத் தூபமிடுதலன்றி வேறு பெருந்தொண்டு அறியாதவர். வீட்டில் மக்கள் பசித்திருக்க, நெல் வாங்கும்படி மனைவியார் கழற்றித் தந்த திருத்தாலியையும் குங்கிலியத்திற்கு மாற்றிக் கோயிலுக்குக் கொண்டு சென்றவர். அந்த ஏழை அடியவர் தம் கழுத்திற் கயிற்றைப் பூண்டு இழுத்தார், திருமேனி நிமிர்ந்தது.

இவ்விடத்தே சேக்கிழார் பெருமான் உணர்த்தும் நுட்பம் ஒன்றுண்டு. மன்னன் செய்யமாட்டாததைத் தாம் செய்து காட்டவேண்டும் என்று நாயனார் கருதினாரல்லர். இத்திருப்பணியில் இளைத்துக் களைத்தோரைக் கண்டு, அவ்விளைப்பில் தமக்கும் ஒரு பங்கு வேண்டுமென்றே விரும்பினார். பயனை நாடாது பாட்டை நாடினார். பயன் தானே வந்தெய்தியது. மன்னனும் அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான்.

இனி, ஊருக்கு அண்மையிலுள்ளது சேய்ஞலூர்; சண்டேசுர நாயனார் பிறந்த பதி. அவர் ஆனிரை மேய்த்ததும், மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட்டதும் இம்மண்ணியாற்றங்கரையிலேயே. மாடு மேய்த்த அச்சிறுவருக்கே இறைவன் தொண்டர் தலைமை நல்கினார். சோழர் காலத்தில் கோயில் நிலங்களைப் பற்றிய ஆவணங்கள் அவர் பெயரால் எழுதப்பெற்றன எனக் கல்வெட்டுகள் காட்டும். இன்றும் வழிபட்டு மீள்வோர் அவர் திருமுன் தம் வெறுங்கையைக் காட்டிச் செல்கின்றனர். கோயிற் பொருளில் ஒரு துரும்பும் எடுத்திலேன் என்பதே அதன் கருத்து. கணக்கு எழுதும் கையும், சாவி பிடிக்கும் கையும், நன்கொடை திரட்டும் கையும் அவ்வாறே அவர் முன் விரிதற்குரியன.

திருமடத்தின் வரலாறும் இவ்வகையதே. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றி, தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரிடம் அருள்பெற்ற குமரகுருபர சுவாமிகள், 17ஆம் நூற்றாண்டில் காசியில் திருமடம் கண்டார். அவர் மரபில் வந்த தில்லைநாயக சுவாமிகள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், அது திருப்பனந்தாளில் வேரூன்றியது. கங்கைக்கரையும் மண்ணிக்கரையும் ஒரு மரபால் இணைந்தன. கோயிற் கட்டளைகளும், கல்விக் கொடைகளும், திருக்குறள் உரைக்கொத்து முதலிய பதிப்புகளும் இம்மடத்தால் தமிழகத்திற்குக் கிடைத்தன. ஆனால் அக்கொடைகளின் ஊற்று யாது? வயலில் விளைந்த நெல். அந்நெல்லின் பின்னே சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்களும், மடைதிறந்து இரவெல்லாம் நீர் பாய்ச்சிய ஆண்களும் நிற்கின்றனர். அவர்தம் பெயர் எக்கல்லிலும் இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மாலை தொடுத்தவள் ஒருத்தி, தூபமிட்டவர் ஒருவர், மாடு மேய்த்தவர் ஒருவர், நாற்று நட்டவர் பலர். இவ்வூரின் பெருமை அன்றாட வேலையைத் தவறாது செய்தோரால் நின்றதேயன்றி, ஒருநாள் ஆரவாரத்தால் நின்றதன்று.

குடமுழுக்கு ஒரு நாள் விழா. அதனை அடுத்த மண்டல வழிபாடு நாற்பத்தெட்டு நாள். அதன்பின் வருவது, மறு குடமுழுக்கு வரை நீளும் பன்னிரண்டு ஆண்டுகள். அந்நாள்களில் விடியலில் திருக்கதவம் திறப்பவர் யார்? ஒற்றை விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார்? கேட்பார் இருவர் ஆயினும் திருமுறை ஓதும் ஓதுவாரின் அடுப்பு எரிகின்றதா? அவர் மைந்தன் அப்பணியை ஏற்க முன்வருவானா? விளக்கை உபயம் செய்தோர் அதன் கண்ணாடி முழுவதும் தம் பெயரை எழுதுவித்து, ஒளியை மறைத்துவிடும் காட்சியும் பல கோயில்களில் உண்டு. கொடுத்த பொருள் நல்லது, பெயரும் பிழையன்று, ஆயினும் ஒளி வெளிப்படுதல் வேண்டும்.

ஆதலின் இவ்வூரில் வாழ்வோரும், பிழைப்பை நாடி அயலூரும் அயல்நாடும் சென்றோரும் ஒன்று நினைவிற் கொள்க. பெருந்தொகை ஒருமுறை அளித்தலினும், திங்கள்தோறும் ஒரு படி எண்ணெய், வாரந்தோறும் ஒருநாள் உழவாரப் பணி, ஓதுவாருக்கு முட்டில்லா ஊதியம் என ஒன்றை ஏற்றுத் தவறாது நடத்துதல் மேலானது. யானைகள் பல இழுத்தும் நிமிராதது ஒருவர் கழுத்திற் பூண்ட கயிற்றுக்கு நிமிர்ந்தது. அக்கயிற்றின் மறுமுனை இன்று ஊரார் கையில் இருக்கின்றது.

செஞ்சடையப்பர் பெரியநாயகி அம்மை திருவருளால் மழை பொழிக, மண்ணி நிறைக, நெல் விளைக, நித்திய பூசை முட்டாது நடைபெறுக.

திருச்சிற்றம்பலம்.