மழைக்காலத்துக் கதவு

நுகேகொடையில் விடுமுறைதோறும் தச்சர் ஒருவர் பிறக்கிறார். வாரமெல்லாம் பேனா பிடித்த கை அன்று சீவுளி பிடிக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கதவு நிலையில் இறுகும். உடனே அவர் விளிம்பைச் சீவித் தள்ளுவார். பெப்ரவரி வெயிலில் கதவு சுருங்கும், இடைவெளியிற் பல்லி உலாப்போகும், இல்லாள் நகைப்பாள்.

வெட்டுண்ட பின்னும் மரம் ஈரத்தை உண்டு விரியும், உலர்ந்து ஒடுங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டிலேயே பெரிது. ஆதலால் கைதேர்ந்த தச்சர், கதவின் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாது, சட்டத்தின் காடியில் அசைய இடம்விட்டுப் பொருத்துவர். தளபாடத்திற்குப் பெயர்பெற்ற மொறட்டுவை அண்மையிலேயே உள்ளது, கேட்டறியலாம்.

சீவியெறிந்த மரத்தை மீண்டும் வளர்க்கும் கருவி எக்கடையிலும் இல்லை. மழை ஓயும்வரை பொறுப்பவர்க்குக் கதவும் மிச்சம், மானமும் மிச்சம்.