தண்ணீர் தெளிக்காமலே வெட்டுகிறார்கள்

கிளியனூர்க் கடைவீதியில் சோலி சுருத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிற பெரியவர்களே, மரக்காணத்து அளத்திலிருந்து உப்பு வாரிய கையோடு பஸ் ஏறி வந்திருக்கிற தாய்மார்களே, அந்த டீக்கடை ஓரமாய் நின்று போன் பார்க்கிற தம்பிகளே! போனைக் கொஞ்சம் சட்டைப் பைக்குள் போடுங்கள். இது முதலில் உங்கள் சங்கதி.

2020 ஜனவரி 16 என்ன நாள்? மாட்டுப் பொங்கல். நாம் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். அன்றைய தேதியில் டெல்லியில் ஒரு அறிவிக்கை போட்டிருக்கிறார்கள். பூமியைத் துளைத்து எண்ணெயும் எரிவாயுவும் தேடுகிற வேலை அதுவரை ‘ஏ’ பிரிவில் இருந்தது. அதைத் தூக்கி ‘பி-2’வில் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வகுப்பு மாற்றுகிற மாதிரி இருக்கிறது, இல்லையா? விஷயம் அதுவல்ல. ‘ஏ’ என்றால் சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கை வேண்டும், ஊரைக் கூட்டி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ‘பி-2’ என்றால் இரண்டும் வேண்டாம். கேட்க வேண்டாம்! அவ்வளவுதான் அந்தத் திருத்தம்.

யாருக்காக? 2018 அக்டோபரில் நாடு முழுக்க 55 வட்டாரங்களை எண்ணெய் தேட ஏலம் விட்டுக் கொடுத்தார்கள். அதில் 41 வேதாந்தாவுக்கு. வேதாந்தா யார்? தூத்துக்குடியில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்களே, அந்த ஸ்டெர்லைட் ஆலையின் முதலாளி. அந்த 41-இல் ஒன்று நம் மரக்காணத்தில் தொடங்கிப் புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் வரை போகிறது. கரையும் கடலுமாக 1,794 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி கடல். நம் மீனவன் வலை விடுகிற கடல். அதற்குள் 116 கிணறு போட அனுமதி கேட்டார்கள். “சும்மா தேடித்தான் பார்க்கிறோம்” என்றார்கள். ஐயா, வீட்டுச் சாவியைத் தொலைத்தவன்கூட 116 இடத்தில் தேடமாட்டானே!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆடி மாதம் நம் ஊர் அம்மனுக்குக் கிடா வெட்டுகிறோம். எப்படி வெட்டுகிறோம்? மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையில் தெளித்துவிட்டு நிற்போம். ஆடு உடம்பைச் சிலிர்த்தால்தான் அருவாள் இறங்கும். சிலிர்க்கவில்லை என்றால் இன்னொரு செம்பு தெளிப்போம். பூசாரி “என்ன குறை தாயே” என்று கேட்பார். பங்காளிகள் பழைய சண்டையைப் பேசித் தீர்ப்பார்கள். அரைமணி நேரம் ஆனாலும் காத்திருப்போம். அந்த ஆட்டுக்குச் சிலிர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நமக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறோம். வெட்டப்போகிற ஆட்டிடம் கேட்கிற மரியாதை இந்த ஊருக்கு இருக்கிறது. எங்களிடம் கேட்கிற மரியாதை அந்த அறிவிக்கைக்கு இல்லை!

நாம் ஆடு வெட்டுகிற முறையைப் பற்றி மட்டும் அரசாங்கத்துக்கு அக்கறை பொத்துக்கொண்டு வரும். 2003 ஞாபகம் இருக்கிறதா? 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, கோயிலில் ஆடு கோழி வெட்டக்கூடாது என்றார் அம்மையார் ஜெயலலிதா. கிராமத்துக் கோயில்களில் போலீஸ் நின்றது. சேவலை ஒளித்து வைத்துக்கொண்டு ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள், சிரிக்காதீர்கள். அடுத்த வருஷமே சட்டத்தை ரத்து செய்தார்கள். 2017 மே மாதம் டெல்லிக்காரர்கள், சந்தையில் மாட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று விதி போட்டார்கள். கிழட்டு மாட்டை விற்று மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவன் என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. ஆட்டுக்கு ஒரு விதி, மாட்டுக்கு ஒரு விதி, சேவலுக்கு ஒரு சட்டம். பூமியின் வயிற்றைக் கிழிப்பதற்கு மட்டும் விதி வேண்டாமாம், விசாரணை வேண்டாமாம், ‘பி-2’வாம்!

எப்படிக் கிழிப்பார்கள்? 2016-இல் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. ஒரே உரிமம். கச்சா எண்ணெய், மீத்தேன், பாறைக்குள் இருக்கிற ஷேல் வாயு, எது கிடைத்தாலும் அதே உரிமத்தில் எடுக்கலாம். ஷேல் வாயு தானாக வெளியே வராது. கிலோமீட்டர் கணக்கில் கீழே துளைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் துளைத்து, தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் பயங்கர அழுத்தத்தில் அடித்துப் பாறையை நொறுக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே தண்ணீர் கோடி லிட்டர் கணக்கில் போகும். போன தண்ணீரில் ஒரு பங்கு ரசாயனத்தோடும் உப்போடும் மேலே திரும்பி வரும். அதை எங்கே கொட்டுவார்கள்? கழுவெளியில்தான் கொட்டுவார்கள், வேறெங்கே?

கழுவெளி என்றால் என்ன என்று டெல்லிக்காரருக்குத் தெரியாது. பழவேற்காட்டுக்கு அடுத்து இந்தக் கரையில் பெரிய உவர்நீர் ஏரி. எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறும், இறங்கும். மழைக்காலத்தில் நம் ஏரிகளின் உபரி எல்லாம் அங்கே போய்ச் சேரும். இப்போதே கரையோரத்துக் கிணறுகள் உப்புக் கரிக்கின்றன. இருக்கிற நல்ல தண்ணீரையும் உறிஞ்சிவிட்டால் கடல் உள்ளே வரும். மணிலாக் கொல்லையும் தர்பூசணித் தோட்டமும் போகும். உப்பளத்துக்கு மட்டும் லாபமா? அதுவும் இல்லை. பாத்தியில் நிற்கிற தண்ணீரில் ஒரு படலம் எண்ணெய் மிதந்தால் அந்த உப்பை எவன் வாங்குவான்?

அந்த அறிவிக்கை வந்த சமயம் மரக்காணத்தில் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாய் உப்பு வாருகிறவர். பாதம் வெடித்துக் கிடக்கிறது. “ஐப்பசி, கார்த்திகையில வேலை இல்ல. மீன்பிடி தடைக்காலத்துல மீனவருக்குப் பணம் தர்றாங்க, எங்களுக்கு மழைக்காலத்துல ஒண்ணும் இல்ல. அதைக் கேட்க வந்தா ஆபீசர் இல்லன்றாங்க. இப்ப கிணறு தோண்டுறதுக்கு மட்டும் ஆபீசர் எங்கேந்து வந்தாரு?” என்றார். பதில் தெரிந்தவர்கள் கைதூக்குங்கள். தெரியாதா? எனக்கும் தெரியவில்லை.

இந்தப் பாறை நொறுக்கும் வேலையை பிரான்ஸ் 2011-லேயே தடை செய்தது. நியூயார்க் மாநிலம் 2014-இல் வேண்டாம் என்றது. இங்கிலாந்தில் பிளாக்பூல் பக்கம் நொறுக்கினார்கள். 2019 ஆகஸ்டில் 2.9 அளவுக்கு நிலம் ஆடியது. அந்த நவம்பரிலேயே அரசாங்கமே நிறுத்தியது. வெள்ளைக்காரன் வீட்டுப் பீங்கான் கோப்பை ஆடினால் நிறுத்துவார்கள். இங்கே ஓலைக் குடிசைதானே, ஆடினால் என்ன என்று நினைப்போ?

“விபத்தே நடக்காது” என்கிறார்கள். பக்கத்து ஆந்திராவில் பாசர்லபூடியில் 1995 ஜனவரியில் எண்ணெய்க் கிணறு பற்றிக்கொண்டது. 65 நாள் எரிந்தது. 2014-இல் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

சரி, மாநில அரசுக்கு வருவோம். 2020-இல் அன்றைய முதலமைச்சர் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்றார். அந்தப் பிப்ரவரி 20-இல் சட்டமும் வந்துவிட்டது. தஞ்சை உண்டு, திருவாரூர் உண்டு, நாகை உண்டு. கடலூரில் ஐந்து ஒன்றியம், புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியம் உண்டு. சந்தோஷம், நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்க்காரர்கள் இந்தக் கிணறுகளை எதிர்த்துத் தெருவில் கிடந்து வாங்கிய சட்டம் அது. பழைய கிணறுகளைத் தொடாத சட்டம் என்பது வேறு விஷயம். ஆனால் விழுப்புரம் எங்கே? மரக்காணம் எங்கே? 2019 ஜூனில் இந்தத் திட்டங்களை எதிர்த்து ராமேஸ்வரம் வரை மனிதச் சங்கிலி நின்றதே, அது எங்கே தொடங்கியது? மரக்காணத்தில்! சங்கிலிக்கு முதல் கண்ணி நாங்கள். சட்டத்தில் நாங்கள் கிடையாது. இத்தனைக்கும் அன்றைய சட்ட அமைச்சர் சி.வி.சண்முகம் நம் மாவட்டத்துக்காரர். பா.ம.க. நிறுவனரின் தைலாபுரம் தோட்டம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது; அங்கிருந்து வேளாண் மண்டலத்தை வரவேற்று அறிக்கை வந்தது. அடுத்த அறிக்கையில் பக்கத்து ஊர்ப் பெயரும் வரட்டும், ஐயா. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. நண்பர்கள் கைதட்ட வேண்டாம். 2011 ஜனவரியில் மன்னார்குடி மீத்தேனுக்குக் கையெழுத்துப் போட்டது உங்கள் ஆட்சி. அதை எதிர்த்து ஊர் ஊராய் நடந்துதான் இயற்கை விவசாயம் சொல்லித் தந்த நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் உயிரை விட்டார்.

அன்றைக்கு நம் ஊருக்காகப் பேச ஒரு ஊராட்சித் தலைவராவது இருந்தாரா? 2019 டிசம்பரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாவட்டம் பிரித்ததைச் சொல்லி விழுப்புரத்தை விட்டுவிட்டார்கள். 2016-லிருந்து 2021 வரை தனி அலுவலர்தான். அன்றைக்குத் தலைவரும் இல்லை; வேளாண் மண்டலம் இல்லை, கருத்துக் கேட்பு இல்லை. ஆட்டுக்கு இருக்கிற அந்த ஒரு செம்புத் தண்ணீர்கூட நமக்கு இல்லை!

“நீ வந்தது பெட்ரோல் வண்டியில்தானே?” என்று ஒரு தம்பி கேட்டார். ஆமாம் தம்பி, பெட்ரோல் வண்டிதான். அதற்காக என் கொல்லையைத் தோண்டு என்று எழுதிக் கொடுத்தேனா? 2020-இல் காற்றாலையில் இந்தியாவுக்கே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் இந்தக் கரையில் பஞ்சமா? அதைப் பெருக்க மூளையைச் செலவழிக்கச் சொன்னால், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட மூளைதான் கைவசம் இருக்கிறது என்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நிரந்தர வேலை கேட்டு வாசலில் நிற்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்புறம் எனக்கு வளர்ச்சியைப் பற்றிப் பாடம் எடுங்கள்.

மே 1-இல் கிராம சபை.  நடத்துகிறவர் கூட்டம் முடிந்தது என்று எழுந்தாலும் நீங்கள் எழுந்திருக்காதீர்கள். கேட்க வேண்டியது இரண்டே. 2020 ஜனவரி 16 அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். மரக்காணம், வானூர் பகுதிகளை வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், கலெக்டருக்குக் கொடுக்க மனு ஒன்று அந்த மேசையில் இருக்கிறது. இப்போதே வரிசையில் வாருங்கள். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது. கடைசி பஸ் பிடிக்கிற மரக்காணத்து அம்மாக்களை முன்னால் விடுங்கள்.