குறையைச் சொல்வோம், திருத்தத்தை அவளிடம் விடுவோம்
(மலர்க்குழுவின் சார்பில் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அச்சுக்குப் போகவிருக்கும் நம் மலரை வடிவமைத்த தங்கையும் பழைய மாணவிதான். முதற்படியைப் பார்த்ததும் நாங்கள் ஆளுக்கொரு செய்தி அனுப்பினோம். "இன்னும் கொஞ்சம் எடுப்பாய் வேணும்" என்றார் ஒருவர். "நீலத்தைக் கூட்டுங்கோ" என்றார் இன்னொருவர். நான்கு முறை மாற்றினாள். பிறகு, "அக்காமார், என்ன குறையெண்டு சொல்லுங்கோ. எப்பிடித் திருத்திறதெண்டு நான் பாக்கிறன்" என்றாள்.

அன்றிரவு கூடியிருந்து பக்கம் பக்கமாக வாசித்தோம். மறைந்த ஆசிரியர்களின் பெயர்கள் 8 பொயின்ற் எழுத்தில், சாம்பல் நிறத்தின்மேல் இருந்தன. எண்பதைக் கடந்த எங்கள் ரீச்சர் கண்ணாடி போட்டும் வாசிக்க முடியாமல் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

அதையே எழுதினோம்: எந்தப் பக்கம், யாருக்கு, என்ன சிரமம். மாற்றக்கூடாத நல்ல பக்கங்களையும் குறித்தோம். ஒருவரே தொகுத்து ஒரே தடவையில் அனுப்பினார்.

மறுநாள் பெயர்கள் 12 பொயின்றில், வெள்ளைத் தாளில் கறுப்பாக வந்தன. நீலம் கூடவில்லை; ஒருவரும் கேட்கவுமில்லை. ரீச்சர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார்.

உங்கள் ஊரில் அழைப்பிதழோ மலரோ செய்விக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு முறைக்காகத் தங்கையிடம் மன்னிப்பும் கேட்கிறோம்.