நிழலுக்கும் தேதி உண்டு

பழைய வீடுகளை வரைகிறவர்களும் அவற்றை அளந்து ஆராய்கிறவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பது அபூர்வம். கட்டடக்கலை ஆய்வாளர் ஓவியத்தை வரவேற்பறை அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவார். ஓவியரோ அளவுப் படத்தை உயிரில்லாதது என்பார். ஆனால் இருவருக்கும் ஒரே அளவில் தேவைப்படும் பொருள் ஒன்று இருக்கிறது. அது நிழல். இந்தத் தலைமையுரையில் அதைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

தேனியில் கூடியிருக்கிறோம், ஆகவே இந்த வெயிலிலிருந்தே தொடங்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. காலை வெயில் மேகமலையைத் தாண்டித்தான் தெருவுக்குள் இறங்க வேண்டும். மாலையில் மேற்கு மலை கடிகாரத்தை முந்திக்கொள்ளும். வானம் வெளிச்சமாக இருக்கும்போதே கூடலூர்த் தெருக்களில் வெயில் போய்விடும். அந்த நேரத்து வீடுகளுக்கு விளிம்பு கூர்மையான நிழலே கிடையாது. சமவெளியில் வரைந்து பழகிய கை இங்கே வந்தால் முதலில் இதில்தான் தடுமாறும்.

அடுத்து, நாம் இருப்பது ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். சித்திரையில் அந்த உச்சி, நம் கடிகாரத்தில் சுமார் 12.20 மணி. அந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மூன்றடி நீட்டிய இறவாரம் உள்ள தெற்குச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி உச்சியில் இறவாரத்தின் நிழல் சுவரில் நாலரை அடிதான் இறங்கும். அதற்குக் கீழே திண்ணைவரை வெயில். பங்குனியில் அதே இறவாரம் சுவர் முழுவதையும் மூடிவிடும். ஆனியில் அந்தச் சுவருக்கு நண்பகல் வெயிலே இல்லை. கொத்தனாரும் தச்சரும் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனாலும் இறவாரத்தின் நீளம், திண்ணையின் உயரம், முற்றத்தின் அகலம் மூன்றிலும் இந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. வீட்டைக் கட்டியவர்கள் நிழலையும் சேர்த்தே கட்டினார்கள். அதைப் படத்தில் பொய்யாகப் போட்டால் தூணின் எண்ணிக்கையைத் தவறாகப் போட்டதற்குச் சமம் என்பது என் கட்சி.

நம் சுவரோவிய மரபு விழும் நிழலைப் பொருட்படுத்தவில்லை. போடிநாயக்கனூர் அரண்மனை லட்சுமி விலாசத்து இராமாயண ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்து 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும். மாளிகைகளும் மண்டபங்களும் ஏராளம். ஆனால் அவற்றுக்கு நேரம் கிடையாது. காவியத்துக்குக் காலை மாலை எதற்கு என்று அந்த ஓவியர் நினைத்திருக்கலாம், அது குறையுமல்ல. 1792இல் தென்னாட்டுப் பயணம் வந்த தாமஸ் டேனியலும் அவர் உறவினர் வில்லியமும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை வரைந்தபோது, வளைவுகளுக்கு உள்ளே நேரம் வந்து சேர்ந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி அந்தப் பார்வையைப் பாடமாக்கியது.

நம் காலத்தில் இருவரைச் சொல்ல வேண்டும். மதுரைக்காரரான மனோகர் தேவதாஸ் மைப்பேனாவின் நுண்கோடுகளால் அந்த ஊரை வரைந்தார். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் கோடுகளின் நெருக்கத்தை மட்டும் வைத்தே நிழலை எழுப்பினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்; 2022இல் மறைந்தார். இன்னொருவர் ஓவியர் இளையராஜா. இந்த மாவட்டத்தில் இளையராஜா என்றால் பண்ணைப்புரம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கும்பகோணம் வட்டாரத்துக்காரர், 2021இல் கொரோனா காலத்தில் நாம் இழந்தவர். பழைய வீட்டு நிலைப்படியிலும் சன்னலோரத்திலும் பெண்களின் மேல் விழும் வெளிச்சத்தைத் தைல வண்ணத்தில் அவர் பிடித்ததை யாரும் மறுக்க முடியாது. அவருக்குப் பின் வந்த படங்களில் பல எனக்கு உவப்பில்லை. எந்த ஊர் வீடாக இருந்தாலும் அதே தேன் நிற வெளிச்சம், அதே சாய்வு. ஏக்கம் தெரிகிறது, வீடு தெரியவில்லை.

இந்த நிழலை எந்த வண்ணத்தில் வரைவது? அக்ரிலிக்குக்கு வருகிறேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் ஓவியர் கைக்குக் கிடைத்தது 1950களில், அமெரிக்காவில். கலிபோர்னியாவுக்குப் போன டேவிட் ஹாக்னி அங்கத்திய வீடுகளை வரையத் தைல வண்ணத்தை விட்டுவிட்டு இதற்கு மாறினார். 1967இல் அவர் வரைந்த ‘எ பிக்கர் ஸ்பிளாஷ்’ அக்ரிலிக்தான். கடும் வெயிலின் தட்டையான பளிச்சென்ற தன்மை இதில் எளிதில் வரும். நமக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு. காய்ந்த பூச்சு அடுத்த பூச்சில் கரையாது. ஆகவே மெல்லிய நிழல் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நிழல் நகர்வதற்குள் போட்டுவிடலாம். தைலத்தில் அதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தொல்லையும் உண்டு. ஆடிக் காற்றில் தட்டில் பிழிந்த வண்ணம் தூரிகை தொடுமுன் தோல் கட்டிவிடும்; தெளிப்பானும் ஈரத்துணியும் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் வெளியே உட்கார முடியாது. இன்னொன்று, ஈரத்தில் பால்போல இருக்கும் பிசின் காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டுவிடும். சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். வெள்ளையடிக்கும்போது கலங்கல் தண்ணீராகத் தெரிவது காயக் காய வெளுக்கும். வெளுக்கும் சுவரை இருளும் வண்ணத்தால் வரைகிறோம். அதனால்தான் பல படங்களில் திண்ணை நிழல் கரியாகிப் போகிறது. உண்மையில் சுண்ணாம்புச் சுவரின் நிழலில் கறுப்பே இல்லை. இறவாரத்தின் அடிப்பக்கத்திலும் அதை ஒட்டிய சுவரிலும் செம்மண் தெருவின் வெளிச்சம் ஏறி இளஞ்சிவப்பாகத் தெரியும். கீழே வர வர வானத்தின் நீலம். ரெட் ஆக்சைடு தரையுள்ள திண்ணையென்றால் தூணின் அடிப்பகுதியே சிவக்கும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் போதும். கறுப்புக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இதே அக்ரிலிக் இப்போது வேறொரு வழியிலும் பழைய வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் அடித்தால் வழி அடைபடும். உள்ளே தங்கிய ஈரம் உப்பைத் தள்ளி, பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். சுவரின் வெளிச்சமும் போய்விடும். சுண்ணாம்பில் சிதறி வரும் ஒளி வேறு, பிளாஸ்டிக் படலத்தின் மினுக்கு வேறு. அக்ரிலிக் கித்தானில் இருக்கட்டும், சுவருக்குச் சுண்ணாம்பே இருக்கட்டும் என்று வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஓவியரைவிடப் பொருத்தமானவர் யார்? இரண்டின் குணமும் அவருக்குத்தான் தெரியும்.

போடியிலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் உள்ள ஓட்டு வீடுகளை எந்த அரசும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாகப்பிரிவினை முடிந்ததும் பல வீடுகள் இடிபடும். ஆகவே இந்தக் கருத்தரங்கின் முடிவில் ஒரு தீர்மானம் முன்மொழிய விரும்புகிறேன். வரையும் ஒவ்வொரு வீட்டுப் படத்தின் பின்புறமும் தேதி, மணி, வாசல் பார்த்த திசை, சுவர்ப்பூச்சு, தரையின் நிறம் ஐந்தையும் எழுதுவது. தேதியும் மணியும் திசையும் இருந்தால், படத்தில் சுவரின் உயரத்துக்கும் அதில் இறங்கிய நிழலுக்கும் உள்ள விகிதத்திலிருந்து, வீடு போன பிறகும் இறவாரத்தின் நீளம் சுவர் உயரத்தில் எத்தனை பங்கு என்பதைத் திரும்பக் கணக்கிடலாம். மார்கழியில் தெற்குச் சுவருக்குப் போட்ட கணக்கின் மறுபக்கம்தான் இது. உணர்ச்சி குறைந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். பின்புறம் எழுதுவதால் முன்புறம் கெட்ட ஓவியத்தை நான் பார்த்ததில்லை.

தீர்மானத்தின் சொற்களை நாளை மாலை அமர்வில் விவாதிப்போம். திருத்தங்களை எழுத்தில் தாருங்கள். முதல் அமர்வு முற்றம் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். ஆளுக்கு இருபது நிமிடம்.