மாலை உடையும் விருந்தின் வாயிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். சொகுசுக் கப்பல்களில் மாலை விருந்துக்கு விதிக்கப்படும் உடைவிதி குறித்துப் பேச வந்திருக்கிறேன். தமிழ் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். விருந்துக்கும் உடைக்கும் உள்ள உறவைப் பற்றி நம் பாட்டும் தொகையும் பேசியிருக்கின்றன. அவை பேசியதற்கும் கப்பல் பேசுவதற்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து பார்ப்பதே என் நோக்கம்.

கப்பலும் நமக்கு இனி அயலானது அன்று. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்னும் சொகுசுக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. கடலோடிகளை உருவாக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் நம் தென்புறநகரை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

முதலில் விதி யாது என்று காண்போம். 'குனார்டு' போன்ற பழைய ஆங்கிலேயக் கப்பல் நிறுவனங்களில், மாலை ஆறு மணிக்குப் பின் உடையின் முறை மாறுகிறது. பயணத்தில் சில இரவுகள் சிறப்பு விருந்து இரவுகள். அன்று ஆடவர் டின்னர் ஜாக்கெட்டும் போ டையும், அன்றேல் கருநிறக் கோட்டு சூட்டும் அணிந்து வருதல் வேண்டும். மகளிர் நீள் கவுன் முதலிய விழா ஆடை அணிதல் வேண்டும். எந்த இரவுக்கு எந்த உடை என்பதை நாள்தோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாள் அறிவிக்கும். விதிக்கு இணங்க விரும்பாதவர்க்கும் சோறு உண்டு. ஆனால் அது முதன்மை விருந்துக்கூடத்தில் அன்று, தாமே எடுத்துண்ணும் வேறொரு கூடத்தில். டின்னர் ஜாக்கெட் இல்லாதவர்க்குச் சில கப்பல்கள் அதனை வாடகைக்குத் தருகின்றன. 'வாடகை' என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் இதற்கு வருவேன்.

இவ்விதிகளில் ஒரு பழைய நயமும் உண்டு. பயணத்தின் முதல் இரவிலும் இறுதி இரவிலும் விழா உடை கேட்பதில்லை. முதல் இரவில் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்பட்டிரா. இறுதி இரவில் அவை மீண்டும் கட்டப்பட்டிருக்கும். விதி செய்தவர்கள் விருந்தினரின் இடரையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இதனைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

டின்னர் ஜாக்கெட்டின் வரலாறும் சுவையானது. 1865-இல் இலண்டனின் ஹென்றி பூல் என்னும் தையலகம் வேல்ஸ் இளவரசருக்கு வால் இல்லாத குறுங்கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்தது என்றும், அதுவே இதன் மூதாதை என்றும் உடை வரலாற்றாசிரியர் கூறுவர். நெருங்கிய நண்பரோடு இளைப்பாறி உண்ணும்போது அணிவதற்காக, அதாவது முறைமையின் இறுக்கத்திலிருந்து விடுபடுவதற்காகப் பிறந்த உடை அது. பின்னர் அதுவே இறுக்கமான முறைமை ஆயிற்று. உடைவிதிகளின் இயல்பே இதுதான்: ஒருவருக்கு வசதியாக வந்தது, மற்றவர்க்கு வாயிற்காவலாக நின்றுவிடுகிறது.

இன்று இக்காவல் தளர்ந்துவருகிறது. நார்வீஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே கட்டாய விழா உடையைக் கைவிட்டது. 'செலிப்ரிட்டி' நிறுவனம் 2015-இல் முறைசார் இரவுகளின் இடத்தில் இளகிய விதி ஒன்றை வைத்தது.

இனி, நம்மவர் கப்பலேறிய கதைக்கு வருவோம். 1914 மார்ச் 17-ஆம் நாள் கணித மேதை இராமானுசன் 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். அதற்கு முன்பே, இந்நகரிலேயே, அவருடைய குடுமி நீக்கப்பட்டது. கால்சட்டையும் கோட்டும் அணியவும், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கவும் அவர் பழக்கப்பட்டார். அந்தக் கோலத்தைக் காணாதிருக்கும்படி, தாயாரையும் மனைவியையும் அவர் முன்னரே கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார் என்பது அவருடைய வரலாற்றில் காணும் செய்தி. எண்களோடு உறவாடிய அந்த மூளைக்குக் கேம்பிரிட்ஜின் கதவு திறந்தே இருந்தது. எனினும் அதன் உடலுக்கு ஒரு வாயில் இருந்தது. அதைக் கடக்க உடல் வேறாக வேண்டியிருந்தது.

இன்னொருவர் அந்த வாயிலைத் தலைகீழாகக் கடந்தார். காந்தியடிகள் 1888-இல் இலண்டனுக்குக் கப்பலேறியபோது, கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பேணி வைத்திருந்தார். இறங்கிய பின்னரே, அந்தப் பருவத்தில் வெள்ளை உடுத்திய ஒரே ஆள் தாம் என்பதை உணர்ந்து நாணினார். தம் வரலாற்றில் அவரே இதனை எழுதுகிறார். 33 ஆண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், நம் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு 'இராஜ்புத்தானா' கப்பலில் சென்றபோதும், அதே ஆண்டு பக்கிங்காம் அரண்மனையில் மன்னரின் தேநீர் விருந்துக்குச் சென்றபோதும் அந்த அரையாடையே அவர் உடை. வாயிலின் விதிக்கு உடலை வளைக்காமல், உடலின் உண்மைக்கு வாயிலை வளைத்த நிகழ்ச்சி அது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அந்த மேசைக்கு அவர் அழைக்கப்பட்டவர். ஆகவே அவரால் வளைக்க முடிந்தது.

அழைக்கப்படாதவர் கதை வேறு. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. நம் முன்னோர் அதில் பெரும்பாலும் மேல்தளப் பயணிகள். பாயை விரித்த இடமே அவர்களுக்கு அறை. அவர்களுக்கு மாலை உடைவிதி ஏதும் இருந்ததில்லை. அதனை உரிமை என்று எவரும் மயங்க வேண்டா. விதி விதிக்கத்தக்க மேசையே அவர்களுக்கு இல்லை. உடைவிதி இல்லாமை ஓரிடத்தில் தாராளம். இன்னோரிடத்தில் அது புறக்கணிப்பு.

கரையிலும் அந்தக் கப்பல் உண்டு. 2014 ஜூலை 11-ஆம் நாள், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நூல் வெளியீட்டு விழா ஒன்று நடந்தது. விழாவுக்கு வேட்டியுடுத்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வாயிலில் தடுக்கப்பட்டார். நீதி வழங்கும் இருக்கையில் அமர்பவரை, அவர் தம் மண்ணின் உடை உடுத்தியிருந்தார் என்பதற்காகத் திருப்பியனுப்பினர். நாடெங்கும் எழுந்த கண்டனத்தை அடுத்து, அவ்வாண்டே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணிந்து வருவோரை, உடை காரணமாகவே கிளப் முதலிய பொது இடங்களில் தடுத்தல் குற்றம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம் என்பது அதன் சாரம்.

அச்சட்டத்தை மனமார வரவேற்கிறேன். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இல்லாதிருந்தால் சட்டமன்றம் வரை அச்செய்தி சென்றிருக்குமா? கைலி உடுத்திய கொத்தனார் ஒருவர் தடுக்கப்பட்டால், அவருக்காக எழுதும் கை நம்மில் எத்தனை?

அயலார் கிளப்பைப் பழித்துவிட்டு நாம் தப்பிவிடவும் முடியாது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசாணை வந்தது. அந்த ஆணையும்கூட, உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்ற விலக்கோடுதான் வந்தது. தோளில் துண்டு போடலாகாது, காலில் செருப்பு அணியலாகாது என்று தெருவுக்குத் தெரு எழுதாத விதிகளை நாமும் வைத்திருந்தோம். கப்பலின் விதி 'இதை அணிந்து வா' என்றது. நம் விதி 'இதை அணியாதே' என்றது. இரண்டில் கொடியது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மகளிர் சார்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். கிளப்பின் வாயிலில் வேட்டி தடுக்கப்பட்டபோதும் சேலை தடுக்கப்படவில்லை. சேலை எங்கும் விழா உடையாக ஏற்கப்படுகிறது. அதே சேலையே கல்விக்கூடங்கள் பலவற்றில் எங்களுக்குக் கட்டளை ஆகிறது. முன்னர் நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், பண்பாடு காக்கும் பொருட்டுப் பெண் விரிவுரையாளர் சேலை மட்டுமே உடுத்த வேண்டும் என்றனர். அவ்வாணையைப் படித்துக் காட்டியவர் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்திருந்தார். பண்பாட்டுச் சுமையைப் பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றும் வழக்கத்துக்கு இதைவிட வேறு உரை வேண்டா. சேலையை நான் விரும்பி உடுத்துகிறேன். விருப்பத்தைக் கட்டளையாக்கும்போது அந்த நூலின் மென்மை போய்விடுகிறது.

அன்பர்களே, இனி நம் பத்துப்பாட்டைத் திறந்து பார்ப்போம். பொருநராற்றுப்படையில் கரிகாற்பெருவளத்தான் முன் ஒரு பொருநன் வந்து நிற்கிறான். அவன் உடுத்திருப்பது வியர்வையில் நனைந்து, பேனும் ஈரும் குடியேறி, வேற்று நூலால் தைத்த கந்தல். அரண்மனையின் உடைவிதிப்படி அவனைத் திருப்பியனுப்ப எல்லாக் காரணமும் உண்டு. மன்னன் செய்வது என்ன? அவனை அருகில் இருத்துகிறான். கந்தலைக் களையச் செய்து, இழை போன வழியைக் கண்ணால் தொடர முடியாத அளவு நுண்ணிய, பாம்பின் உரி போன்ற ஆடையை உடுத்துகிறான். அதற்குப் பின்னரே மதுவும் ஊனும் சோறும் வருகின்றன. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் மூங்கிலின் உட்தோல் போன்ற மாசற்ற ஆடை தருகிறான். பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையன் ஆவி போன்ற ஆடையைப் பாணனுக்கு மட்டுமின்றி அவன் பெருஞ்சுற்றம் முழுமைக்கும் உடுத்துகிறான். அவன் கச்சியில் இருந்து ஆண்டவன்; நாம் கூடியிருக்கும் இவ்வூரும் தொண்டை நாடே.

இங்கும் உடைவிதி உண்டு என்பதைக் கவனியுங்கள். விருந்துக்கு நல்லுடை வேண்டும் என்பதில் கரிகாலனும் கப்பல் தலைவரும் ஒன்றுபடுகின்றனர். வேறுபாடு ஒன்றே: அந்த உடையைத் தரும் கடமை யாருடையது? கப்பலில் அது விருந்தினன் பொறுப்பு, இல்லையேல் வாடகை. சங்கப் பாட்டில் அது விருந்தளிப்பவன் பொறுப்பு. விதி வாயிலில் நிற்கும்போது அது காவல். விதி விருந்தளிப்பவனின் கையில் இருக்கும்போது அது ஈகை. நான் இங்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

இதை இவ்வூரில் சொல்லக் காரணமும் உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது. வேட்டியோடு செருப்பையும் தடுத்துத் தோல் காலணி கேட்ட வாயில்கள் பல. அத்தகைய காலணிக்கான தோலைப் பதப்படுத்தியவர்கள் அவ்வாயில்களைக் கண்டிரார். தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தில் ஆயத்த ஆடைக் கூடங்களும் உண்டு. அயல்நாட்டார் உடுத்தும் ஆடைகளை நம் பெண்கள் அங்குத் தைக்கின்றனர். உடையைச் செய்பவர் வேறு, உடையால் நுழைபவர் வேறு என்னும் உண்மை நமக்கு ஏட்டுச் செய்தி அன்று. காலை மின்தொடர் வண்டியில் நம்மோடு நின்று வரும் செய்தி.

இறுதியாக, நம் வட்டத்துக்கு ஒரு சொல். அன்றைய ஈகையின் ஒரு சிறு எச்சம் நம் மேடைகளில் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் பொன்னாடை. வந்தவருக்கு ஆடை போர்த்தும் வழக்கம் கரிகாலன் அவையிலிருந்து நடந்து வந்து நம் கையில் சேர்ந்திருக்கிறது. ஆனால் வழியில் ஒன்றை இழந்துவிட்டது: அன்று ஆடை இல்லாதவனுக்கு ஆடை, இன்று ஆடை நிறைந்தவருக்கு ஆடை. போர்த்திய ஆடை பெட்டிக்குள் சென்று, அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்கு வருவதை நாம் அனைவரும் அறிவோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன், அது போர்த்துக்கொள்ளுமா என்று எண்ணவில்லை. அது நடுங்கும் என்று மட்டுமே எண்ணினான். நடுங்குவது யார் என்று பார்க்கும் அந்தக் கண்ணே கவிஞனுக்கும் வேண்டிய கண்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின்முன் என் வேண்டுகோள் இது. ஆண்டு முழுதும் பொன்னாடைக்குச் செலவாகும் தொகையைச் சேர்த்து, ஆண்டு விழா நாளில் இந்த அரங்கைப் பெருக்குபவர்க்கும், நாற்காலி அடுக்குபவர்க்கும், ஒலிபெருக்கி கட்டுபவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் நெசவாளர் நெய்த நல்லாடை வாங்கித் தருவோம். இளந்திரையன் பாணனின் சுற்றத்தையும் சேர்த்தல்லவா உடுத்தினான்! அவ்வாடை உடுத்தி அவர்கள் இம்மேடைக்கு எதிரே முதல் வரிசையில் அமரட்டும். முதற்கவிதையை அவர்கள் கேட்க நாம் படிப்போம்.