சுதுகங்கையின் வெள்ளக் கோடு



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மாத்தளை மாவட்ட மலைகளில் சில இடங்களில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றரைத் தாண்டியது. அப்படிப்பட்ட மழையில் ஆற்று நீர் எங்கே ஏறும், எவ்வளவு ஆழம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லத்தான் இங்கு கூடியிருக்கிறோம்.

கருவிக்குக் குறைவில்லை. அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் படையின் ஹெக்-ராஸ் என்னும் வெள்ளக் கணிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குள் இருப்பவை 1871 இல் பிரெஞ்சு அறிஞர் சான் வெனான் தந்த சமன்பாடுகள். ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் வந்த நீர், போன நீர் இரண்டையும் கணக்கில் வை; சரிவு தள்ளும், படுகை தடுக்கும் என்பதே அவற்றின் சாரம். அந்தக் கணக்கில் நான் குறை காணவில்லை. அதற்கு நாம் கொடுக்கும் நிலத்தில்தான் குறை.

நம் மாணவர் பலர் கையில் எடுப்பது 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடாரால் அளந்த உயரத் தரவு. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீற்றர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்து ஓயாக்கள் பல அந்தக் கட்டத்தின் மூலைக்குள் அடங்கிப்போகும். அடர்ந்த காட்டில் அந்த ராடார் தரையைத் தொடாமல் மரக்கிளைகளை அளந்திருக்கும். கரை மேடு எது, பள்ளம் எது என்று தெரியாத கணினி மாதிரி, தோட்ட லயத்து வாசலுக்கு நீர் வருமா என்று எப்படிச் சொல்லும்?

சுதுகங்கையின் கதை இன்னும் சிக்கலானது. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் 1976 முதல் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே உக்குவெல மின்நிலையத்துக்கு வந்து இந்த ஆற்றில் சேர்கிறது. பின்னர் அது போவதென்னை, மொரகஹகந்தை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. ஆகவே மாத்தளை மழையை மட்டும் உள்ளிட்டு இந்த ஆற்றுக்கு மாதிரி செய்பவர் பாதி ஆற்றைத்தான் வரைகிறார். சுரங்கம் எப்போது திறந்திருந்தது, எப்போது மூடியது என்ற பதிவும் ஆய்வாளர் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது மண். மலையில் வெள்ளம் தனியே வருவதில்லை. சேறும் பாறையும் மரமும் சேர்ந்து வந்து பாலக் கண்களை அடைக்கின்றன. தெளிந்த நீருக்கான மாதிரி அங்கே பொய்த்துவிடும். வெள்ளத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று பொறுப்பு பிரிந்திருக்கிறது. சரிவில் நிற்கும் லயத்துக்கோ இரண்டும் ஒரே இரவில் வரும். வெள்ளம், மண்சரிவு வரைபடங்கள் இரண்டும் ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும், அந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாதிரி சரியா என்று பார்க்க நமக்கு வேண்டியது உண்மையான நீர்மட்டம். அது வீட்டுச் சுவர்களிலும் கோயில் மதில்களிலும் சேற்றுக் கோடாக இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் அழிந்துவிடும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து அனுப்புங்கள். கோட்டின் உயரம், இடம், நீர் ஏறிய நேரம் மூன்றையும் எழுதி எங்களுக்குத் தாருங்கள்.